அடிக்கல்லுக்கு முன்னே கணக்கு

மதுரை மாநகரில் வைகையின் வடகரையில் வாழும் தல்லாகுளத்து மக்கள் அரசு அலுவலகங்களுக்கு மிக அண்மையில் குடியிருப்பவர்கள். மாநகராட்சியின் தலைமையகமாகிய அறிஞர் அண்ணா மாளிகை இங்கேதான் அமைந்திருக்கின்றது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் தொலைவில் இல்லை. நகரத்துச் சாலைகள், பாலங்கள், குடிநீர்க் குழாய்கள், கழிவுநீர்க் கால்வாய்கள் பற்றிய கோப்புகள் நம் வீட்டு வாசலைக் கடந்தே போய் வருகின்றன எனலாம். ஆயினும் அக்கோப்புகளில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, எந்த வேலை எதற்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் விடை சொல்ல இயலாமல் நிற்போம். அலுவலகம் அருகில் இருக்கிறது. கணக்குத்தான் தொலைவில் இருக்கிறது.

செபமும் குடும்ப வாழ்வும் பேசும் ஒரு கத்தோலிக்க இதழில் பாலமும் டெண்டரும் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். அரசாங்கம் செலவிடும் பணம் நம் பணம். வருமான வரி கட்டாத ஏழையும் சோப்பு வாங்கும்போது வரி கொடுக்கிறான். கூலி வேலை செய்யும் தாய் தன் பிள்ளைக்கு ஒரு பேனா வாங்கினால், அதிலும் ஒரு சிறு பங்கு அரசின் கருவூலத்திற்குச் செல்கிறது. ஏழையின் கையிலிருந்து எடுக்கப்படும் பணம் எவ்வாறு செலவாகிறது என்பது நீதியைப் பற்றிய கேள்வி. நீதியைப் பற்றிய கேள்வி எதுவும் திருச்சபைக்கு அந்நியமானதன்று.

எக்கட்சியையும் புகழ்வதோ இகழ்வதோ இங்கு நம் நோக்கமன்று. நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: பொதுவேலையின் கணக்கு, அடிக்கல் நாட்டிய பின்னரன்று, அதற்கு முன்னரே மக்கள் முன் வைக்கப்படவேண்டும், வைக்கப்பட்டதை மக்களும் படித்துப் பார்க்கவேண்டும்.

இரு பாலங்கள், இரு பணப்பைகள்

தல்லாகுளம் பக்கமிருந்து நத்தம் சாலை வழியே செட்டிகுளம் வரை நீண்டு செல்லும் மேம்பாலத்தை நாம் அனைவரும் அறிவோம். அதன் நீளம் 7.3 கிலோமீட்டர். 600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அதனைக் கட்டியது. 2023 ஏப்ரல் 8-ஆம் நாள் பிரதமர் அதனைத் திறந்து வைத்தார். பயணம் எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை.

எனினும் அந்நாளில் ஒரு கேள்வி தேநீர்க் கடைகளில் அடிக்கடி எழுந்தது. ‘நெரிசலில் மூச்சுத் திணறுவது கோரிப்பாளையம் சந்திப்பு அன்றோ? அதற்குப் பாலம் வருமுன் நத்தம் சாலைக்கு ஏன் வந்தது?’ கோரிப்பாளையம் மேம்பாலத்திற்கு 2023 அக்டோபரில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் மதிப்பீடு ஏறத்தாழ 190 கோடி ரூபாய்.

விடை கடினமானதன்று. நத்தம் சாலை தேசிய நெடுஞ்சாலை. அதற்குரிய பணம் மத்திய அரசின் வழியாக வருவது. கோரிப்பாளையம் பாலமோ மாநில நெடுஞ்சாலைத் துறையின் வேலை. அதன் பணம் மாநிலக் கருவூலத்தினின்று வருவது. பைகள் இரண்டு, அவற்றைத் திறப்பவர்களும் இருவர். ஒரு ஊரின் தேவைகளையெல்லாம் ஒரே பட்டியலில் எழுதி, எது முதல், எது பின் என்று தேர்வு செய்வதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், எந்தப் பையில் எந்த ஆண்டு பணம் இருக்கிறதோ அந்த வேலை முந்திக்கொள்கிறது. இதில் குற்றம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆனால் இக்காரணத்தை மக்களுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருந்தால், அத்தனை ஐயங்களுக்கும் வதந்திகளுக்கும் இடமிருந்திராது. சொல்லப்படாத காரணம் இருக்குமிடத்தில் சொல்லத்தகாத காரணத்தை மக்கள் கற்பித்துக்கொள்வார்கள்.

இந்த மேம்பாலத்தோடு ஒரு துயரமும் பிணைந்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 28-ஆம் நாள், கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது, பாலத்தின் உத்திரம் ஒன்று சரிந்து வீழ்ந்தது. உத்தரப்பிரதேசத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்திருந்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதில் ஊழல் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. சொல்ல நமக்கு ஆதாரமுமில்லை. ஆனால் பொதுவேலையில் பாதுகாப்பு விதிகள் எவை, அவற்றை மேற்பார்க்கும் பொறுப்பு யாருடையது, விபத்து நேர்ந்தால் விசாரணையின் முடிவு என்ன என்பவை ஏட்டில் தூங்கத்தக்க செய்திகள் அல்ல. தொலைவில் மகனை இழந்த ஒரு குடும்பத்திற்கும், நாள்தோறும் அப்பாலத்தின் மேல் செல்லும் நமக்கும் அவை உரியவை. வெளிப்படைத்தன்மை என்பது படித்தவர்கள் பேசிக்கொள்ளும் அலங்காரச் சொல்லன்று. உயிரைக் காக்கும் ஏற்பாடு அது.

ஒரு கோப்பின் பயணம்

ஒரு தெருவுக்குச் சாலை போடுவதென்றால் என்ன நடக்கிறது? முதலில் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அங்குலக் கனம், எவ்வளவு ஜல்லி, எவ்வளவு தார், எவ்வளவு கூலி என்று அதில் எழுதப்படும். பின் நிர்வாக அனுமதி. அதாவது இவ்வேலை தேவைதான், இதற்குப் பணமும் உண்டு என்ற ஒப்புதல். அதன்பின் தொழில்நுட்ப அனுமதி. இவை கிடைத்த பிறகே டெண்டர் என்று வழக்கில் வழங்கும் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. வேலையைப் பெற்ற ஒப்பந்தக்காரருக்குப் பணி ஆணை தரப்படுகிறது. வேலை நடக்க நடக்க, பொறியாளர் அதனை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிவு செய்கிறார். அலுவலகங்களில் இதனை ‘எம்-புக்’ என்பார்கள். அந்தப் பதிவை வைத்தே பில் போடப்பட்டுப் பணம் வழங்கப்படுகிறது. இறுதியில் தணிக்கை.

தவறு நுழையும் வாசல்கள் எவை என்பது இப்பயணத்தைக் கவனித்தால் விளங்கும். தேவையற்ற வேலையைத் தேவையென்று எழுதுவது முதல் வாசல். மதிப்பீட்டை வேண்டுமென்றே உயர்த்துவது இரண்டாவது. குறிப்பிட்ட ஒருவர் மட்டுமே தகுதி பெறும்படி நிபந்தனைகளை வகுப்பது மூன்றாவது. ஒப்பந்தக்காரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, இந்த வேலை உனக்கு, அந்த வேலை எனக்கு என்று பங்கிட்டுக்கொள்வது நான்காவது. போடாத சாலையைப் போட்டதாக அளவுப் புத்தகத்தில் எழுதுவது ஐந்தாவது. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். ஐந்து வாசல்களுக்கும் பூட்டு ஒன்றே: ஒவ்வொரு படியிலும் ஏடு திறந்திருக்கவேண்டும்.

எழுதி வைத்த அளவுகோல்

தேர்வு செய்யும் அளவுகோல் முன்னரே மக்களுக்குத் தெரிந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை மதுரையின் அண்மைக்கால வரலாறே காட்டுகிறது.

தமிழகத்திற்கு ஓர் எய்ம்ஸ் மருத்துவமனை என்று 2015 பிப்ரவரியில் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. தஞ்சை, புதுக்கோட்டை, ஈரோடு, செங்கல்பட்டு, மதுரை மாவட்டங்களின் இடங்கள் பேசப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வொரு வட்டாரத்து மக்களும் போராட்டமும் மனுவுமாகக் காத்திருந்தார்கள். 2018 ஜூனில்தான் மதுரை அருகே தோப்பூர் என்று முடிவாயிற்று. 2019 ஜனவரி 27-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். செலவின் பெரும்பகுதிக்கு ஜைக்கா எனப்படும் ஜப்பானிய நிறுவனத்தின் கடனை நம்பியிருந்த திட்டம் அது. அக்கடன் ஒப்பந்தமோ 2021 மார்ச்சில்தான் கையெழுத்தாயிற்று. 1,264 கோடி ரூபாய் என்ற முதல் மதிப்பீடு 1,977 கோடிக்கு மேல் உயர்ந்தது. 2022-இல் சேர்க்கப்பட்ட முதல் மாணவர்கள் மதுரையில் அன்று, இராமநாதபுரத்து மருத்துவக் கல்லூரியில் படிக்கத் தொடங்கினார்கள். மருத்துவமனைக் கட்டட வேலை 2024 மார்ச்சில் தொடங்கிற்று.

அடிக்கல்லுக்கும் கட்டட வேலைக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள்! அடிக்கல் நாட்டிய அன்றே, ‘பணம் கடனாக வரவேண்டும், ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை, ஆதலால் இத்தனை காலம் பிடிக்கும்’ என்று தெளிவாகச் சொல்லியிருந்தால், மக்கள் ஏமாற்றமடைந்திருக்கமாட்டார்கள். இவ்விவரங்களில் பலவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பொதுமக்கள் கேட்டு வாங்கிய பதில்களினாலேயே வெளிவந்தன. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து, முடிக்கப் பணம் உண்டா என்று கணக்குப் பார்க்கவேண்டும் என நம் ஆண்டவர் உவமையாய்ச் சொன்னதை லூக்காஸ் நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கணக்குப் பாராது அடித்தளமிட்டவனைக் கண்டோர் நகைத்தார்கள். இங்கோ நகைப்பு அன்று, நோயாளியின் பெருமூச்சே கேட்கிறது.

மெட்ரோ இரயில் திட்டத்தையும் நோக்குவோம். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டர். செலவு 11,000 கோடி ரூபாய்க்கு மேல். மாநில அரசு அனுப்பிய இத்திட்டத்தையும் கோவைத் திட்டத்தையும் மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ இரயில் கொள்கைப்படி மக்கள்தொகை 20 லட்சம் இருக்கவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவ்வளவு மக்கள்தொகை இல்லாத வேறு நகரங்களுக்கு அனுமதி தரப்படவில்லையா என்று மாநில அரசு கேட்டது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அளவுகோல் எழுத்தில் இருந்தபடியால்தான் அந்த வாதமே இயன்றது. ஒரே கோலால் எல்லாரையும் அளந்தீர்களா என்று கேட்க முடிந்தது. கோல் ஒருவருடைய மனத்திற்குள் மட்டும் இருந்தால், கேள்வி கேட்பவனுக்கு நிற்க இடமே இராது.

நம் கையிலுள்ள சட்டங்கள்

தமிழகம் இத்துறையில் பின்தங்கிய மாநிலமன்று. தகவல் அறியும் உரிமைக்கென 1997-இலேயே சட்டம் இயற்றி, இந்திய மாநிலங்களுக்குள் முதலாவதாக நின்றது. 1998-இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான சட்டம் இயற்றப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மாநிலத் துறைகளும் உள்ளாட்சிகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு அதற்குரிய அரசு இதழில் வெளியிடப்படவேண்டும். 2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டால் 30 நாளும் அவகாசம் தரவேண்டும் என 2000-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. அவகாசத்தைக் குறைப்பதாயின் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்கவேண்டும். தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் வழியுண்டு.

இராஜஸ்தானத்து ஏழை உழவர்களும் கூலிகளும் இதில் நமக்கு ஆசான்கள். அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற சிற்றூரில் மக்கள் விசாரணை ஒன்றை நடத்தியது. ஊரில் நடந்ததாகச் சொல்லப்பட்ட பொதுவேலைகளின் கணக்குகள் ஊர் மக்கள் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. எழுத்தறியாத மக்களும் கேட்டு, ‘இந்த வேலை நடக்கவில்லை, இந்தக் கூலி தரப்படவில்லை’ என்று சாட்சி சொன்னார்கள். அங்கே கிளம்பிய இயக்கம் நாடெங்கும் பரவி, 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக முதிர்ந்தது.

அச்சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் எளிய மனு ஒன்று கொடுத்தால், 30 நாளுக்குள் பதில் தரப்படவேண்டும். ஏட்டின் நகலை மட்டுமன்றி, நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமையுண்டு என்பதைப் பலர் அறியார். இன்னும் மேலாக, கேட்காமலேயே வெளியிடவேண்டியவற்றையும் அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. மக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்களும் அவற்றின் காரணங்களும் அவற்றுள் அடங்கும்.

சட்டம் விளக்கைப் போன்றது. ஏற்றுவதற்கு ஒரு கை வேண்டும்.

மறைநூலும் திருச்சபையும் காட்டும் வழி

அரசர்களின் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தில் ஓர் அருமையான நிகழ்ச்சி உண்டு. ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி அரசன் யோவாசு குருக்களிடம் பணத்தை ஒப்படைத்திருந்தான். ஆண்டுகள் கழிந்தும் பழுது பழுதாகவே இருந்தது. அதன்பின், தலைமைக் குரு யோயாதா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பீடத்தின் அருகில் வைத்தார். பணம் நிறைந்தபோதெல்லாம், அரசனின் எழுத்தரும் தலைமைக் குருவும் கூடவந்து எண்ணினார்கள். எண்ணிய பணம் மேற்பார்வையாளர் வழியாகத் தச்சர்க்கும் கொத்தர்க்கும் கல்தச்சர்க்கும் சென்றது. வேலையும் நடந்தது. அம்மேற்பார்வையாளர்கள் நாணயமாக நடந்தமையால், அவர்களிடம் கணக்குக் கேட்கவேண்டிய தேவை எழவில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. முதலில் ஒழுங்கு, பின்னரே நம்பிக்கை. ஒழுங்கில்லாத இடத்தில் நம்பிக்கை வைக்கச் சொல்வது, திறந்த வீட்டில் பணத்தை வைத்துவிட்டுத் திருடனைச் சோதிப்பதாகும்.

அப்போஸ்தலரான புனித சின்னப்பர் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைத் தனியே கொண்டுசெல்லவில்லை. எவரும் குறைகூற இடமிராதபடி, சபைகளே தெரிந்தெடுத்தவர்களை உடன் சேர்த்துக்கொண்டார். கடவுளின் முன் நேர்மையாயிருத்தல் போதாது, மனிதர் முன்னும் அந்நேர்மை விளங்கவேண்டும் என்பது அவர் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் தரும் பாடம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில், முடிவெடுப்பதில் உரையாடலும் வெளிப்படைத்தன்மையும் வேண்டும் என்பதற்கெனவே ஒரு பகுதியை ஒதுக்கினார். ஒரு திட்டத்தின் விளைவுகளை அது தீட்டி முடிந்தபின் ஆராய்வதால் பயனில்லை. தொடக்கத்திலேயே ஆராயவேண்டும், அவ்விடத்து மக்களுக்கு அதில் தனி இடம் வேண்டும் என்று போதித்தார். அதோடு நில்லாது, 2020-இல் திருப்பீடமும் வத்திக்கான் நாடும் செய்யும் பொது ஒப்பந்தங்களுக்கே வெளிப்படைத்தன்மையும் போட்டியும் கண்காணிப்பும் கொண்ட விதிமுறைகளை வகுத்தார். பிறர்க்குச் சொல்லுமுன் தன் வீட்டை ஒழுங்குபடுத்தும் தலைவரின் செயல் அது.

நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்

ஆதலின், மாநகராட்சியின் கணக்கைக் கேட்குமுன் நம் பங்கின் கணக்கு திறந்திருக்கட்டும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. விசுவாசிகள் அளித்த காணிக்கைகளுக்கு அவர்களிடமே கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்றும் பணிக்கிறது. கோயில் திருப்பணியானாலும், கல்லறைச் சுவரானாலும், சமூகக் கூடமானாலும், மதிப்பீடு என்ன, யாரிடம் விலை கேட்கப்பட்டது, யாருக்கு ஏன் தரப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்பவை ஆலய அறிவிப்புப் பலகையில் இடம்பெறட்டும். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. பங்குத்தந்தையர்க்கும் இது பொருந்தும். எவரையும் விட நமக்கே முதலில் பொருந்தும்.

அடுத்து, குடும்பங்களுக்கு. நம் பங்குகளில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், எழுத்தர்கள் இருக்கிறார்கள், ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அளவுப் புத்தகத்தில் இடும் ஒரு கையொப்பம் கடவுள் முன்னிலையில் சொல்லும் சாட்சியம் என்பதைப் பிள்ளைகள் நம் வீடுகளில் கற்கவேண்டும். ‘கமிஷன் வாங்காவிட்டால் பிழைக்க முடியாது’ என்று மகன் சொல்லும்போது, ‘குறைவாகப் பிழைத்தால் போதும்’ என்று சொல்லும் தாய் தந்தையர் இருந்தால், அரசாங்கத்தின் எந்தத் தணிக்கையும் சாதிக்காததை அவர்கள் சாதிப்பார்கள். பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்கையில் பொதுப் பணத்தைப் பற்றியும் மனச்சான்றை வினவுவோமாக.

மூன்றாவது, நம் தெருவுக்கு. சிற்றூர்களில் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களை நாம் அறிவோம். மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. நகரங்களுக்கென 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் நம் மக்கள் வாழ்கிறார்கள். இச்சபைகளுக்கு அன்பியத்தினர் இருவர் மூவராகச் செல்லட்டும். பிற சமயத்து அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்லட்டும். குழாயில் வரும் நீருக்குச் சமயமில்லை. குழியில் விழும் காலுக்கும் சமயமில்லை.

அங்கே கூச்சலிடவேண்டுவதில்லை. ஐந்து கேள்விகளைப் பணிவாகக் கேட்டால் போதும். இந்த வேலை ஏன் முதலில் தெரிந்தெடுக்கப்பட்டது? மதிப்பீடு எவ்வளவு? பணம் எந்த அரசிடமிருந்து, மானியமாகவா கடனாகவா வருகிறது? ஒப்பந்தம் யாருக்கு, எத்தனை பேர் போட்டியிட்டபின் தரப்பட்டது? எந்நாளில் முடியும், முடிந்ததை அளப்பவர் யார்? நேர்மையான அதிகாரிக்கு இக்கேள்விகள் தொல்லையல்ல, துணை. மேலிருந்து வரும் நெருக்குதலை எதிர்த்து நிற்க, ‘மக்கள் கேட்கிறார்கள்’ என்ற ஒரு சொல் அவருக்குக் கேடயமாகும்.

அடிக்கல்லின் மேல் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. அக்கல்லுக்கு அடியில் புதைந்திருப்பது நம் உழைப்பின் பயன். அதன்மேல் எழும் கட்டடத்தில் நடப்பவர்கள் நம் பிள்ளைகள். எனவே கல் நாட்டும் நாளில் கைதட்டுவதற்கு முன், அதன் கணக்கைக் கேட்டறிந்தவர்களாய் நாம் அங்கே நிற்போமாக. ஒளியில் நடக்க நம்மை அழைத்த இறைவன், நம் ஊரின் வேலைகளும் ஒளியில் நடைபெற நமக்குத் துணிவும் பொறுமையும் தந்தருள்வாராக.